கூடுதலாகப் பிழைத்த பிள்ளை

மோர்க்கவிக் பள்ளியில் தீ விபத்து ஒத்திகை தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. தோற்காமல் இருப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துவிடுவார்கள். இன்ன கிழமை, காலைக் காபி முடிந்த கையோடு பள்ளி தீப்பிடிக்கும் என்று பெற்றோருக்கு இரண்டு வாரம் முன்பே தகவல் போய்விடும். பிள்ளைகள் மிரண்டுவிடக் கூடாது என்று எச்சரிக்கை மணியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அப்படியும் சில பெற்றோர் கவலை தெரிவித்ததால், மணிக்குச் சற்று முன்னால், இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், யாரும் பதற வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் இதமாகச் சொல்லும். இவ்வளவு மரியாதை தெரிந்த நெருப்பை ஸ்வீடன் தேசத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

பள்ளிக்குள் யாரும் காலணியோடு நடக்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. தலைமையாசிரியர் குனில்லாவில் தொடங்கி ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லோரும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே வர வேண்டும். வெளியிலோ பிப்ரவரிப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். நெருப்புக்குப் பயந்து காலுறையோடு ஓடினால் கால் விறைத்துப்போகும். பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடலாம் என்றால், மாட்டி முடிப்பதற்குள் நெருப்பு வந்து சேர்ந்துவிடும். இந்தச் சிக்கலைப் பள்ளி சுலபமாகத் தீர்த்திருந்தது. ஒத்திகை நாளன்று பிள்ளைகள் முன்கூட்டியே பனி உடுப்பு, பூட்ஸ், கையுறை, குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு, தரை அழுக்காகாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் எழுந்து போவார்கள். நகராட்சியின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஹோகன் முற்றத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு எல்லோரும் உள்ளே போய் இலவங்கப்பட்டை பன் சாப்பிடுவார்கள்.

ஸ்டெல்லன் அந்தப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தது ஜனவரியில். ஆறு மாதம் தற்காலிக வேலை; நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். மாடியில் நாலாம் வகுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். சாதுவான மனிதன், எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டு செய்கிற ரகம். ஆனால் ஒத்திகை அறிவிப்பு கைபேசிச் செயலி வழியாகத்தான் வரும். அந்தச் செயலிக்குள் நுழைய அவனுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி தாமதமாகும் என்று வருந்தும் செய்தியும் அந்தச் செயலிக்குள்தான் வந்து கிடந்தது. ஆக, பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பள்ளி முழுக்க உடுப்பு மாட்டிக்கொண்டு காத்திருக்க, நாலாம் வகுப்பு மட்டும் காலுறையோடு உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஆசிரியரே சும்மா இருக்கும்போது நாம் ஏன் போய் வியர்க்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்பில் தூவா என்று ஒரு சிறுமி. வயது பத்து. பிறந்ததிலிருந்தே சக்கர நாற்காலிதான். கால்கள் செய்யாத வேலையை அவளுடைய வாய் சேர்த்துச் செய்தது.

ஒலிபெருக்கிப் பெண்மணி பதற வேண்டாம் என்றாள். யாராவது பதற வேண்டாம் என்று சொன்னால் உடனே பதறுகிற சுபாவம் ஸ்டெல்லனுக்கு. மணி அடித்ததும் உண்மையான தீ என்றே நினைத்துவிட்டான். பிள்ளைகளை வரிசையாகப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், தூவா மேஜையருகில் சாவகாசமாகப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். லிப்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். மணி அடித்தால் லிப்ட் தானாக நின்றுவிடும்.

"ஏன் பதறுற, ஸ்டெல்லன்? நான் இப்போ இங்கயே இல்ல," என்றாள் தூவா. அங்கே பிள்ளைகளும் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"இல்லன்னா?"

"ஒத்திகை நாள்ல என்னைக் காலைலயே கீழ லைப்ரரிக்கு அனுப்பிடுவாங்க. பட்டியல்லயும் சேக்க மாட்டாங்க. உனக்கு யாரும் சொல்லலயா? நானும் சொல்லல. ஒரு தடவையாவது என்ன நடக்குதுன்னு பாக்கலாம்னுதான்."

"நெஜமா தீப்பிடிச்சா என்ன செய்யச் சொல்லிருக்காங்க?"

"படிக்கட்டு பக்கத்துல பச்சைப் பலகை இருக்கு பாரு, அதுக்குக் கீழ காத்திருக்கணும். பெரிட் வந்து கீழ கொண்டுபோவா. அதுக்குன்னு படிச்சவ."

"பெரிட் எங்க?"

"செவ்வாயும் வியாழனும்தான் வருவா. அந்த ரெண்டு நாள்ல தீப்பிடிச்சா பிரச்சினை இல்ல."

ஸ்டெல்லன் அதற்குமேல் கேட்கவில்லை. குனிந்து முதுகைக் காட்டினான். தூவா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு படியாக இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு, காலுறையோடு பனிக்குள் வந்து நின்றான்.  வகுப்பில் ஒரு பிள்ளை குறையவில்லை என்ற நிம்மதியில் அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அந்த நிம்மதி குனில்லா எண்ணத் தொடங்கியதும் போய்விட்டது. நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் கூடுதல். ஹோகன் ஓடிவந்து அவரும் எண்ணினார். ஒத்திகைப் பட்டியலில் தூவாவின் பெயரே இல்லாததால், பட்டியலுக்கும் முற்றத்துக்கும் ஒட்டவே இல்லை. யாராவது விடுபட்டால் என்ன செய்வது என்று திட்டத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. யாராவது மிஞ்சினால் என்ன செய்வது என்று ஒரு வரியும் கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடி முடிக்கும்வரை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பனியில் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றார்கள். பிறகு ஈரக் காலுறையோடு உள்ளே வரலாமா கூடாதா என்று இன்னொரு விவாதம் நடந்தது. கடைசியில், பள்ளியின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒத்திகை தோல்வி என்று ஹோகன் அறிவித்தார். காரணம், எதிர்பாராத வகையில் ஒரு பிள்ளை தப்பித்துவிட்டது.

மறுநாள் மறுஆய்வுக் கூட்டம், ஆசிரியர்கள் காபி குடிக்கும் அறையில். பள்ளியிலேயே நல்ல அறை அதுதான். தரைத்தளம், தெற்குப் பார்த்த ஜன்னல்கள், சாய்ந்தால் எழ மனம் வராத சோபா, முற்றத்துக்கு நேராகத் திறக்கிற அகலமான கதவு. நடுவில் காபி மெஷின், ஒரு பீடத்தின் மேல். மோர்க்கவிக்கில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி நீ என்றுதான் பேசுவார்கள். பெரியவர் சின்னவர் கிடையாது. யார் பெரியவர் என்பது யாருடைய கோப்பை முதலில் நிரம்புகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வழக்கம்போல முதலில் ஒரு சுற்று. நேற்றைய நிகழ்வை யார் யார் எப்படி உணர்ந்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இசை ஆசிரியைக்கு ஒத்திகை சரியாக முடிந்த உணர்வு கிடைக்கவில்லையாம். உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தான் கவனிக்கப்படவில்லை என்ற உணர்வு. காலுறை விஷயம் நிறையப் பேரைப் பாதித்திருந்தது. சுற்று முடிவதற்குள் இரண்டு முறை காபி வந்தது.

பிறகு ஹோகன் எழுந்தார். அவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். தப்பு செய்தவன் தானே கூனிக் குறுகும்வரை மென்மையாகப் பேசுவார். தூக்கும் பயிற்சி பெறாத ஒருவர் ஒரு மாணவியைத் தூக்கியது, அதற்கு முன் அந்த மாணவியின் தனியுரிமை பற்றி உரையாடாதது, பிள்ளைகளைப் பொருத்தமில்லாத உடுப்பில் வெளியேற்றியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஸ்டெல்லன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில், அவள் பத்திரமாக வெளியே வந்துவிட்டாளே என்று மெதுவாகச் சொன்னான்.

"வந்துட்டா, ஸ்டெல்லன். அது நல்ல விஷயம்தான், யாரும் மறுக்கல," என்றார் ஹோகன். "ஆனா எந்த முறைப்படி வந்தா? முறைப்படி வராத ஒரு பிள்ளையை நாங்க எந்தக் கட்டத்துல போடுறது? தீ விபத்துங்கறது எப்பவோ ஒரு தடவை வர்றது. மறுஆய்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. நாம எதுக்குத் தயாரா இருக்கணும்னு நீயே யோசி."

எல்லோரும் யோசனையோடு தலையாட்டினார்கள். ஸ்டெல்லனுக்கு அப்போது ஒரு வழி பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு எளிதானது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டான். இந்த அறைக்கு முற்றத்துக் கதவு இருக்கிறது, நாலாம் வகுப்பு இங்கே வந்துவிடட்டும், காபி அறையை மாடிக்கு மாற்றிக்கொள்ளலாம், தூவா தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள் என்றான்.

 மெஷினில் காபி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. குனில்லா முகம் நிறையப் புன்னகைத்து, ரொம்பச் சுவாரசியமான யோசனை என்றார். மோர்க்கவிக்கில் ஒரு யோசனையைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டுமென்றால் அப்படித்தான் சொல்வார்கள். அறை மாற்றுவதற்குத் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும், கட்டடக் கலைஞர் வந்து பார்க்க வேண்டும், பிள்ளைகள்மேல் அதன் தாக்கத்தைத் தனியாக ஆராய வேண்டும், எல்லாம் கைகூடினால் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் முதல் கூட்டத்தைப் போடலாம். தவிர, ஒரு வகுப்புக்கு மட்டும் கதவு இருந்தால் கதவில்லாத வகுப்புகளின் மனநிலை என்ன ஆகும் என்று கேட்டார். காபிக்காக மாடி ஏறினால் மூட்டு தேயும் என்று யாரோ முனகியது சத்தமாகவே கேட்டுவிட்டது. ஆகவே ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது.

பணிக்குழு சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். படிக்கட்டில் ஆளை உட்காரவைத்து இறக்குகிற ஒரு நாற்காலியை வாங்கிப்போட்டது. மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பார்த்தார்கள். தப்பிக்கும் வழியில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்று ஹோகன் தடுத்துவிட்டார். அது தப்பிப்பதற்கான பொருள்தானே என்று ஸ்டெல்லன் கேட்டான். பொருளின் நோக்கத்தை நெருப்பு பார்க்காது என்றார் ஹோகன். நாற்காலி கீழே சாமான் அறையில், கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. சாவி பெரிட்டிடம் இருந்தது.

அடுத்து, மணல் மூட்டையை வைத்து ஒரு பரிசோதனை. மூட்டைக்குத் தூவா என்று பேர் வைத்தால் அவளுக்கு மனவருத்தம் வரலாம் என்று பயனாளி என்று வைத்தார்கள். பயனாளி பாதிப் படியில் நழுவி, உருண்டு, வாசல்வரை வந்து நின்றது. கீழே வந்து சேர்ந்துவிட்டதாலும், பயனாளியிடமிருந்து புகார் எதுவும் வராததாலும், பரிசோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டார்கள்.

பிள்ளையின் குரலையும் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எனவே ஒருநாள் தூவாவை லிப்டில் இறக்கிக் காபி அறைக்கு வரவழைத்தார்கள். சிரிக்கிற முகம், உம்மென்ற முகம், அழுகிற முகம் என்று மூன்று அட்டைகளை அவள் முன்னால் பரப்பி, இந்தப் பணி நடக்கும் விதம் உனக்கு எப்படி இருக்கிறது, ஓர் அட்டையை எடு என்றார் குனில்லா. தட்டில் பன் இருந்தது. தூவா பன்னையும் சிரிக்கிற முகத்தையும் எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்குத் திருப்தி என்று ஹோகன் எழுதிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் தூவா, வாயில் பன்னோடு. "நெஜமா தீப்பிடிச்சா நான் மாடிலேர்ந்து எப்படி இறங்குறது?"

"அருமையான கேள்வி, தூவா," என்றார் ஹோகன். "இந்தக் கேள்வியை நாங்க எடுத்துக்கிட்டுப் போறோம்."

"கேள்வியை எடுத்துக்கிட்டுப் போறீங்க, சரி. கையோட என்னையும் எடுத்துக்கிட்டுப் போனா நல்லாருக்கும்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பெண் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஸ்டெல்லனால் சிரிக்க முடியவில்லை. அவள் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மேஜையைத் தட்டிப் பேச வேண்டும் போலிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கடைசியில் அவனும் ஒரு பன்னை எடுத்துக்கொண்டான்.

பணிக்குழுவின் முடிவு மார்ச் கடைசியில் வந்தது. பிரச்சினையின் வேர் படிக்கட்டில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். இனிமேல் தூவாவின் பெயர் பட்டியலில் இருக்கும். ஆனால் அவளைப் பள்ளிக்கூடம் நடக்கும் எல்லா நாட்களிலும் முன்கூட்டியே வெளியேறியவராகக் கருத வேண்டும். மணி அடித்தவுடன் அவள் பேருக்கு நேராக டிக் போட்டுவிடலாம். ஆள் பச்சைப் பலகைக்குக் கீழே காத்திருக்கலாம். ஒருவர் மிஞ்சவும் மாட்டார், ஒருவர் குறையவும் மாட்டார். ஹோகன் இதை வாசித்தபோது கை தட்டினார்கள்.

தூவாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பு ஸ்டெல்லன் தலையில் விழுந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியானால் தான் எப்போதுமே வெளியேதான் இருக்கிறாளா, வீட்டுப்பாடத்தை உள்ளே இருக்கிறவர்கள் மட்டும் செய்தால் போதுமா என்று கேட்டாள்.  அவனுக்கும் குழு ஒரு வழி சொல்லியிருந்தது. முறையில்லாமல் தூக்கியவர் முறையாகத் தூக்கக் கற்றுக்கொண்டு வர வேண்டும். மூன்று நாள் பயிற்சி, பக்கத்து நகரத்தில், ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில்.

ஏப்ரலில், பனி உருகிச் சேறாகக் கிடந்த வாரத்தில், அவன் போனான். முதல் நாள் யாரையும் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நம்மை ஒருவர் தூக்கினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டாம் நாள் புதன்கிழமை. முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று பயிற்சியாளர் படம் வரைந்துகொண்டிருந்தபோது, ஸ்டெல்லனின் பையில் கைபேசி அதிர்ந்தது. தூவாவின் எண். வாசல்பக்கம் போய் எடுத்தான்.

"ஸ்டெல்லன், ஒரு சந்தேகம்," என்றாள். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "நான் இப்போ எங்க இருக்கேன்?"

"என்ன ஆச்சு?"

"மணி அடிக்குது. அந்த ஸ்பீக்கர் அம்மா ஒண்ணும் சொல்லாமயே அடிச்சிடுச்சு. ஒத்திகை காலண்டர்ல இல்லயேன்னு டீச்சருங்க எல்லாம் கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தாங்க. அப்புறம் எல்லாரும் மழை உடுப்பு மாட்டிட்டுப் போயிட்டாங்க. உனக்குப் பதிலா வந்தவ என்னைப் பச்சைப் பலகைக்குக் கீழ விட்டுட்டுப் போனா. அப்படித்தான் எழுதியிருக்குன்னு சொன்னா. ஜன்னல்ல பாத்தா, கீழ குனில்லா டிக் போட்டுட்டு இருக்கா."

"புகை வருதா?"

"காபி வாசனை வருது. கருகின காபி." ஒரு இருமல். "ம், புகையும் வருது."

 ஸ்டெல்லன் நூறு கிலோமீட்டர் தள்ளி, மணல் மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்த ஒரு கூட்ட அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தன் முதுகை இப்போது கொண்டுபோய் அவள் முன்னால் போட முடியாதே என்று அழுகை வந்தது. வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள், கதவிடுக்கில் ஏதாவது துணியைத் திணி, ஜன்னலைத் திற, போனை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, வரவேற்பறைப் பெண்ணின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கித் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டான். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். பிறகு குனில்லாவைக் கூப்பிட்டான். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"எல்லாரும் பத்திரம், ஸ்டெல்லன். நீ பயிற்சியைக் கவனி. பட்டியல் இந்தத் தடவை அச்சுப் பிசகாம ஒத்துப்போச்சு."

"தூவா மேல இருக்கா."

"தூவா வெளியேறியாச்சு. டிக் போட்டிருக்கே."

"குனில்லா, அவ இன்னொரு போன்ல என்கூடப் பேசிட்டிருக்கா. மேல இருக்கா."

"நீ சொல்றது புரியுது. ஆனா முறைப்படி பாத்தா அவ வெளியே..."

"முறைப்படி பாக்காத. நிமிந்து பாரு. ஜன்னலைப் பாரு."

 பிறகு குனில்லா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "கை காட்டுறா," என்றார்.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் தூவாதான் போனில் நேர்முக வர்ணனை செய்தாள். வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் மற்ற நாட்களில் மர ஆலையில் வேலை பார்க்கிற மனிதர். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேற்றுப் பூட்ஸோடு உள்ளே ஏறி வந்தார். அவளுடைய உணர்வுகளைக் குறித்து ஒரு வார்த்தை உரையாடாமல் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலைத் தாண்டும்போது, செய்தி கேட்டு வந்திருந்த ஹோகன் பக்கத்தில் ஓடிவந்து ஏதோ கேட்க, நகருய்யா அந்தாண்ட என்று அந்த ஆள் சொன்னது ஸ்டெல்லன் காதிலேயே விழுந்தது. ஸ்டெல்லன் ஹோட்டல் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். உள்ளே பயிற்சியாளர் இன்னும் முழங்கால் படத்தில்தான் இருந்தார்.

தீ பெரிதாகப் பரவவில்லை. காபி மெஷினின் அடியில் தொடங்கி, பீடத்தையும் சோபாவையும் சுவர்களையும் தின்றுவிட்டு அடங்கியது. மறுஆய்வுக் கூட்டத்தை அன்று மதியமே முற்றத்தில் நின்றபடி நடத்தினார்கள். பட்டியல் குறையின்றிச் செயல்பட்டது என்று முதலில் பதிவு செய்தார்கள். தீயணைப்பு வீரர் காலணியோடு உள்ளே வந்ததும், அனுமதி கேட்காமல் தூக்கியதும் குறைகளாகச் சேர்க்கப்பட்டன. அதற்குள் வழக்கமான காபி நேரம் வந்துவிட்டது. காபி இல்லை. ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலைமை எவ்வளவு தீவிரமானது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அதன்பிறகு மோர்க்கவிக் நகராட்சியில் அதுவரை யாரும் கண்டிராத வேகத்தில் காரியங்கள் நடந்தன. தண்ணீர்க் குழாயும் ஏரியைப் பார்த்த ஜன்னலும் உள்ள ஒரே அறை மாடியில் நாலாம் வகுப்பு. ஆகவே காபி அறை அங்கே போகும். நாலாம் வகுப்பு கீழே லைப்ரரிக்கு வரும். லைப்ரரியிலும் முற்றத்துக்கு ஒரு கதவு இருந்தது, இத்தனை நாள் புத்தக அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவி நின்ற இடத்திலேயே சம்மதித்தாள். கட்டடக் கலைஞரின் நினைப்பே யாருக்கும் வரவில்லை. பிள்ளைகள்மேல் தாக்கம் எதுவும் ஏற்பட்டதாகவும் தெரியவில்லை. மேஜைகளை ஆசிரியர்களே சுமந்து இறக்கினார்கள், பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஸ்டெல்லன் ஓடிவந்தான். மூன்றாம் நாள் பயிற்சியை விட்டுவிட்டு வந்ததால் சான்றிதழ் கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள். கிடைக்காமல் போகட்டும் என்றுதான் வந்தான். புது வகுப்பறையில் தூவா கதவோரத்தில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் கதவைத் திறந்து, நாற்காலியை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். 

"கடைசில நீ கேட்ட மாதிரியே செஞ்சிட்டாங்களே," என்றாள். "நான் பயந்துபோயிருப்பேன்னா?"

அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "இல்ல, தூவா. அவங்களுக்குக் காபி வைக்க இடமில்லாமப் போச்சு. அதான்."

"அதானே பாத்தேன்," என்றாள் தூவா. அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது வாசலில் ஒரு சத்தம். புது காபி மெஷின் வந்து இறங்கியிருந்தது. கொண்டுவந்தவன் வாசல்வரைதான் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தீக்குப் பிறகு பரிசோதித்து முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று லிப்டுக்கு ஹோகனே சீல் வைத்திருந்தார். பள்ளி ஒரு கணம்தான் தயங்கியது. உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு பக்கம், இசை ஆசிரியை ஒரு பக்கம், அடியில் ஹோகன் முதுகைக் கொடுத்துத் தாங்க, மேல்படியிலிருந்து குனில்லா இரண்டு கைகளாலும் வாங்க, மெஷின் படி படியாக ஏறத் தொடங்கியது. திருப்பத்தில் இடிச்சிடாதீங்க, அவசரமே இல்ல, மெதுவா, மெதுவா என்று குனில்லா கெஞ்சிக்கொண்டிருந்தார். தூவாவும் ஸ்டெல்லனும் வகுப்பறை வாசலிலிருந்து பார்த்தார்கள்.

"அது என்ன வெயிட் இருக்கும்?" என்றாள் தூவா.

பெட்டியில் அச்சிட்டிருந்ததை அவன் எட்டிப் படித்தான். "உன்ன மாதிரி ரெண்டு பேர் இருக்கும்."

"இவங்க யாராவது தூக்குற பயிற்சிக்குப் போயிட்டு வந்தவங்களா?"

"இல்ல."

தூவா படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே கவலைப்படுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"மறுபடி தீப்பிடிச்சா லிப்ட் நின்னுடும். இது மேல மாட்டிக்கும். அப்போ இதை யாரு கீழ கொண்டுவருவா, ஸ்டெல்லன்?"

படிக்கட்டில் ஹோகன் முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு படி ஏறினார்.

"அதுக்கு ஆள் வரும், தூவா," என்றான் ஸ்டெல்லன்.